மாடபுரியின் நிறையாத பானை

வரைபடத்தை மடிக்கும்போது சரியாக அந்த மடிப்பில் மாட்டிக்கொள்ளும் நாடு மாடபுரி. அதனால் வெளியார் யாரும் அதைக் கண்டதில்லை. அங்கேயே குடியிருக்கும் எங்களுக்கு மட்டும் அதைத் தெரியும். அதுவும் அரைகுறையாக.

மாடபுரியில் தேர்தல் கிடையாது. ஒரு பானை உண்டு. பௌர்ணமிதோறும் மகாராஜா அதிகீர்த்தி அரண்மனை மாடத்தில் தோன்றி, அந்த மாதம் செய்து முடித்த ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுவார். ஒரு மாதம் பாலம். இன்னொரு மாதம், வழக்காடியவர்களே மறந்துபோன பழைய வழக்குக்குத் தீர்ப்பு. கீழே மைதானத்தில் நின்று பார்க்க விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் பானையில் ஆளுக்கொரு புளியங்கொட்டை போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். எதையும் போடாமல் வேடிக்கை பார்ப்பது திருட்டு என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். சட்டமும் சுருக்கமானது. அடுத்தடுத்து மூன்று காட்சிகளுக்குப் பானை நிறையாவிட்டால் மகாராஜா மாடத்தை விட்டு இறங்கிவிட வேண்டும்.

பானை நிறைந்துகொண்டுதான் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் காட்சித்துறை மந்திரி சூட்சுமநாதர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"மகாராஜா, பக்கத்து நாட்டு மன்னர் தினமும் தோன்றுகிறாராம்."

"தினமும் என்ன செய்கிறார்?"

"தோன்றுகிறார்."

மகாராஜா யோசித்தார். "நான் இப்போது கீழ்மடை ஏரிக்கரையை எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முடிய ஒரு மாதமாவது ஆகும்."

"அதற்குள் மக்கள் மகாராஜாவின் முகத்தையே மறந்துவிடுவார்கள். மக்களின் ஞாபகசக்தியைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தோம். அந்தக் குழு என்ன ஆனது என்பது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. இதைவிட என்ன சான்று வேண்டும்?"

அன்று மாலையே ஆணை பிறந்தது. இனி தினமும் காட்சி. ஏரிக்கரையில் வேலை பார்த்த கொத்தனார்கள் எல்லோரும் மாடத்துக்குப் பூவேலை செய்ய வரவழைக்கப்பட்டார்கள். கரை பாதியில் நின்றது.

முதல் நாள் மகாராஜா பாகற்காயைப் பச்சையாகக் கடித்து விழுங்கினார். மறுநாள் கிரீடத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். அதற்கடுத்த நாள், எங்கிருந்தோ வந்த பரிசுப் பெட்டியை எங்கள் கண்முன்னால் பிரித்தார். உள்ளே இன்னொரு பெட்டி இருந்தது. "இதற்குள் என்ன என்பதை நாளை பார்ப்போம்" என்று சூட்சுமநாதர் அறிவித்தார். அன்றிரவு நாட்டில் பாதிப் பேருக்குத் தூக்கமில்லை. மறுநாள் அதற்குள்ளும் ஒரு பெட்டி. நாங்கள் புத்திசாலிகள் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்போடு அதற்கடுத்த நாளும் போய் நின்றோம்.

ஒருநாள் மந்திரியைப் பார்க்கக் கீழ்மடையிலிருந்து காத்தாயி வந்தாள். கரைக்குக் கீழே நாற்று விட்டிருப்பவள்.

"ஐயா, கரையில விரல் நுழையிற அளவுக்கு இருந்த ஓட்டை இப்போ கையே நுழையிற அளவுக்கு ஆயிடுச்சு. மழைக்கு முன்னால அடைச்சிருங்க. உடைஞ்சா எங்க ஊரே இருக்காது."

"அடைக்கலாம் அம்மா. ஆனால் மண் கொட்டுவதில் பார்க்க என்ன இருக்கிறது? மக்களுக்குச் சலிப்புத் தட்டிவிடும்."

"மக்கள்னா யாருங்க?"

"மைதானத்தில் வந்து நிற்பவர்கள்."

"நானும்தானே நேத்து வந்து நின்னேன்."

"அதற்காக அரசு தங்களுக்கு நன்றி தெரிவித்துக்கொள்கிறது."

இருந்தாலும் சூட்சுமநாதர் இரக்கமுள்ளவர். கரை வேலையையும் காட்சியாக்கச் சொன்னார். மகாராஜா மேளதாளத்தோடு கீழ்மடைக்குப் பல்லக்கில் போய் ஒரு கூடை மண் கொட்டினார். வெயில் அவர் முகத்தில் சரியாக விழவில்லை என்பதால் அதையே திரும்ப அள்ளி இன்னொரு முறை கொட்டினார். பிறகு ஈரம் காய்ந்து மண்ணின் நிறம் மாறிவிட்டது என்று, காட்சியை வரைய வந்த ஓவியர் குறைபட்டுக்கொண்டதால், நனைத்து வரைந்து முடிக்க அந்தக் கூடை மண்ணும் அரண்மனைக்கே திரும்பிப் போனது.

இதற்குள் நாட்டில் வேறொரு தொல்லை முளைத்தது. தினமும் ஆளுக்கொரு புளியங்கொட்டை என்றால் எங்கே போவது? வீட்டுக்கு வீடு காலையில் புளியோதரை, மதியம் புளிக்குழம்பு, சாயங்காலம் புளித்தண்ணீர் என்று அடுத்த ஆணை வந்தது. நாடு முழுவதும் பல் கூசியது. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் யாராலும் சிரிக்க முடியவில்லை. அப்படியும் ஒருநாள் பானை கழுத்தளவோடு நின்றுவிட்டது.

அன்று மகாராஜா மந்திரியைத் தனியே அழைத்தார். அவர் முகம் வீங்கியிருந்தது. பாகற்காயும் காரணமாக இருக்கலாம்.

"சூட்சுமநாதரே, எனக்கு ஒரு மாதம் கொடும். அந்தக் கரையை ஒழுங்காகக் கட்டிவிட்டு வந்து நிற்கிறேன்."

"ஒரு மாதமா? மூன்று காட்சிக்குப் பானை நிறையாவிட்டால் தாங்கள் மகாராஜா இல்லை."

"மாதம் ஒரு காட்சி என்றிருந்தபோது விழுவதற்கே மூன்று மாதம் ஆகும். இப்போது மூன்று நாளில் விழுந்துவிடுவேன் என்கிறீர்."

"ஆம் மகாராஜா. அதற்குப் பெயர்தான் வேகம்."

மகாராஜா கிரீடத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு மாடத்துக்குப் போனார்.

பானை மறுபடி நிறையத் தொடங்கிய வேளையில் வடக்கே மேகம் கறுத்தது. காத்தாயி மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை மந்திரியிடம் போகவில்லை. மைதானத்து வாசலில் வரிசையில் நின்ற எங்களிடம் வந்தாள்.

"கீழ்மடையில கரை உடையப் போகுது. பார்க்க வாரீகளா?"

"நிஜமாவா? எப்போ?" என்றார் வரிசையில் முதலில் நின்ற எண்ணெய்ச் செட்டியார்.

"இன்னிக்கேகூட உடையலாம். போனா வராது."

சரி செய்ய வாருங்கள் என்று அவள் கூப்பிட்டிருந்தால் எங்களுக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். உடைவதைப் பார்க்க என்றதும் வரிசை கலைந்தது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிலர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டார்கள். அதுவும் புளியோதரைதான்.

கரையில் காத்தாயி குறுக்கே நின்றாள். "சும்மா பார்க்க முடியாது. ஆளுக்கொரு கூடை மண்ணு போட்டுட்டுத்தான் ஏறணும்."

எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. பார்க்க வந்தவன் எதையாவது போட வேண்டுமல்லவா? பக்கத்துப் பொட்டலில் வெட்டி, அவள் காட்டிய இடத்தில் ஆளுக்கொரு கூடை கொட்டிவிட்டு, மேலே ஏறி ஆவலோடு காத்திருந்தோம். உடையவில்லை.

"என்னம்மா, ஒண்ணும் நடக்கலையே?" என்றார் செட்டியார்.

"அந்தப் பக்கம் நின்னு பார்த்தா நல்லாத் தெரியும் அண்ணே. அதுக்குத் தனியா ஒரு கூடை."

அதையும் போட்டோம். அன்று அரண்மனைப் பானை காலி. மறுநாளும் நாங்கள் கரையிலேயே கிடந்தோம். இடம் மாறி உட்காரும்போதெல்லாம் ஒரு கூடை. நல்ல இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு மூன்று கூடை கொட்டியவர்களும் உண்டு. அன்றும் பானை காலி. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் கொட்டியது. விடிந்து பார்த்தால் ஏரித் தண்ணீர் எங்கள் காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. கரை அசையவில்லை.

எங்களுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. செட்டியார் கோபமாகவே கேட்டார். "உடையும்னு சொன்னியே?"

"நானும் ஏமாந்துட்டேன் அண்ணே" என்றாள் காத்தாயி. திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அது. இன்றும் பானை நிறையாவிட்டால் அதிகீர்த்தி வெறும் கீர்த்தி. காலையிலேயே அரண்மனை முரசு நாலு திசையிலும் முழங்கியது. "ஏரியைக் காத்த ஏந்தல்! உடையவிருந்த கரையைத் தனியொருவராக நின்று காத்தது எப்படி? இன்று மாடத்தில் மகாராஜாவே சொல்கிறார்!"

கேட்டதும் எங்களுக்குச் சிலிர்த்துவிட்டது. தனியொருவராக எப்படிக் காப்பாற்றியிருப்பார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியுமா? ஈரத் துணியோடு கிளம்பினோம்.

"நீ வரலையா தாயீ?" என்று செட்டியார் கேட்டார்.

"நாத்து நடணும்" என்றாள் அவள். அப்போதே வயலில் இறங்கியிருந்தாள்.

பானை நிரம்பி வழிந்தது. மகாராஜா கதையைச் சொன்னார். நடுவில் ஓரிடத்தில் எங்களைப் பார்த்ததும் 'தனியொருவராக' என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டார். சூட்சுமநாதர் பின்னாலிருந்து, "கையை அசையுங்கள், கையை அசையுங்கள்" என்றது முன்வரிசைக்குக் கேட்டது. மகாராஜா கையை அசைத்தார். நாங்கள் கை தட்டினோம். வலிக்க வலிக்கத் தட்டினோம். தட்டத் தட்ட, உள்ளங்கையிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக் காய்ந்திருந்த கரை மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

கூட்டம் கலைந்ததும் மைதானத்தைப் பெருக்கினார்கள். ஒரு கூடை மண் சேர்ந்தது. நாளைய காட்சிக்கு ஆகும் என்று சூட்சுமநாதர் அதைப் பத்திரமாக உள்ளே எடுத்துப்போனார்.