டெல்மருக்கு உள்ளேயிருந்து வந்த சேதி

உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அது பேப்பரில் வந்ததாக இருக்கும். எனக்குத் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக இருக்கும். ஆனால் மனிதர்களில் ஓர் இனம் இருக்கிறது. அவர்களுக்கு எது தெரிந்தாலும் அது 'உள்ளேயிருந்து' வந்ததாகத்தான் இருக்கும். எதற்கு உள்ளே? அதைக் கேட்கக் கூடாது. கேட்டால் கண்ணை லேசாக மூடித் திறந்து, உங்கள் எதிர்காலத்தைக் காப்பாற்றுகிற கருணையோடு, "அதெல்லாம் வேணாம், விடு" என்பார்கள்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. என்றாலும் எங்கள் இந்தியானாவில், ஒரு கல்லூரி தன் கூடைப்பந்துப் பயிற்சியாளரை வேலையைவிட்டுத் தூக்கி, அடுத்தவரைத் தேடுகிற மார்ச் மாதக் கடைசியில், மழைக்குப் பிந்தைய ஈசல் மாதிரி அது கிளம்புகிற அழகை வேறெங்கும் பார்க்க முடியாது. ஹேல்ஸ்பர்க் கல்லூரி அணிக்குப் பெயர் கோவேறு கழுதைகள். சிரிக்காதீர்கள். அந்தக் கழுதைகள் தோற்ற மறுநாள் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் நடக்கும், பாடம் நடக்காது.

எங்கள் ஊர் டயர் கடைக்காரர் டெல்மர் ஹேஸ்காம்ப் இந்த இனத்தின் முழுமையான பிரதி. பயிற்சியாளர் பெல்ச்சர் வேலை இழப்பார் என்று அவர் முதலில் சொன்னது பெல்ச்சர் வேலைக்குச் சேர்ந்த வருஷமே. அதற்கப்புறம் ஒவ்வொரு ஜனவரியிலும் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். ஏழாவது வருஷம் கழுதைகள் வரிசையாகத் தோற்று, பெல்ச்சருக்குச் சீட்டுக் கிழிந்தபோது, டெல்மர் கடை வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். சொன்னாரா? சொன்னார். மறுக்க முடியுமா?

அவர் சேதி சொல்லும் முறையைக் கேளுங்கள். காலையில் மார்லாவின் காபிக் கடையில் இருப்பதே ஆறு பேர். ஆறு பேரும் அவர் சேதிக்காகவே வந்து உட்கார்ந்திருப்பவர்கள். ஆனாலும் முதலில் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்ப்பார். காபிக் கோப்பையைத் தள்ளி வைப்பார். குரலைத் தாழ்த்துவார். எவ்வளவு தாழ்த்துவார் என்றால், அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருக்கும் மார்லாவுக்கு மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டுக் கேட்கும்.

"நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்பார் ராய்ஸ். முன்னாள் தபால்காரர், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவர்.

டெல்மரின் முகம் விழுந்துவிடும். "அதுக்குன்னு சுத்தமா வாயே திறக்காம இருக்கணும்னு இல்லய்யா. சலூன்காரன்கிட்ட வேணா சொல்லு."

சேதி எங்கிருந்து வருகிறது? வீடு விற்றுக்கொடுக்கும் பெண்மணி ஒரு உயரமான ஆளுக்கு ஏரிக்கரை வீட்டைக் காட்டினாராம். உயரமான ஆள் என்றால் கூடைப்பந்துக்காரன்தானே, பெயிண்ட் அடிக்கிறவனாகவா இருப்பான்? கல்லூரி கார் நிறுத்துமிடத்தில் பெல்ச்சரின் பெயரைச் சுரண்டிய ஆள், புதுப் பெயருக்கு எவ்வளவு இடம் விட்டான் என்பதை வைத்து அதில் எத்தனை எழுத்து என்று கணக்குப் போட்டுவிடலாமாம். எல்லாவற்றுக்கும் மேலாக விமானம். கல்லூரிக்கு வாரிவழங்கும் கோழிப்பண்ணை முதலாளி வென்டல் ஸ்ட்ரோமுக்குச் சொந்தமாக ஒரு குட்டி விமானம் இருக்கிறது. அது எங்கே பறக்கிறது என்பதைக் கைபேசியில் புள்ளியாகப் பார்க்கலாம். புதுப் பயிற்சியாளரைப் பார்க்கப் போகிறவர்கள் அதில்தான் போவார்கள் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. அந்த இரண்டு வாரமும் ஊரில் பாதிப் பேர் கைபேசியில் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெல்மர் சாப்பிடும்போதும் பார்த்தார். சர்ச்சில், தலைகுனிந்து ஜெபித்தபோதும் அதைத்தான் பார்த்தார்.

முதல் வாரத்தில் அவர் உறுதி செய்த பெயர்கள் ஒன்பது. அதில் ஒருவர் ஓய்வுபெற்றவர், ஒருவர் பெண்கள் கைப்பந்துப் பயிற்சியாளர், இன்னொருவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. ராய்ஸ் அதை மெதுவாகச் சுட்டிக்காட்டியபோது டெல்மர் அசரவில்லை.

"அதனாலதான் பேச்சுவார்த்தை முறிஞ்சுபோச்சு" என்றார்.

இவர்களைத் தோற்கடிக்கவே முடியாது என்பதைக் கவனியுங்கள். சேதி பலித்தால் 'நான் சொன்னேன்'. பலிக்காவிட்டால் 'கடைசி நிமிஷத்துல மாத்திட்டாங்க'. இந்த இரண்டு சுவருக்கு நடுவில் நிம்மதியாக வாழ்ந்து பேரப்பிள்ளையும் பார்த்துவிடலாம். டெல்மரும் அப்படித்தான் பார்த்தார்.

பேத்தி மேஸிக்கு ஆறு வயது. மூன்று தெரு தள்ளித்தான் வீடு. அவள் அப்பா ட்ரெவர் யார் தெரியுமா? பெல்ச்சரின் உதவிப் பயிற்சியாளர்! தலைமைப் பயிற்சியாளர் போனால் அவருக்குக் கீழே இருப்பவர்களும் பெரும்பாலும் மூட்டை கட்டவேண்டியதுதான். வருகிறவர் தன் ஆட்களோடு வருவார், மனசு வைத்தால் பழைய ஆள் ஒருவரை வைத்துக்கொள்வார். ஏழு வருஷமாக பெல்ச்சரைத் தூக்கவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திய டெல்மருக்கு, அணியின் பெஞ்சில் பெல்ச்சருக்குப் பக்கத்திலேயே தன் மருமகன் உட்கார்ந்திருக்கிறான் என்ற சேதி மட்டும் உள்ளேயிருந்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. டெல்மரின் மனைவி ஜோலீன் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகவைத்திருந்தாள். ட்ரெவர் தட்டிலிருந்த கிழங்கை முள்கரண்டியால் உருட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி, டெல்மரின் மகள் கெண்ட்ராதான் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, வெளையாட்டுக்குக் கேக்கல. நிஜமாவே கேக்கறேன். ஓக்லி ஹைஸ்கூல்ல இவரை ஹெட் கோச்சா கூப்பிடறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"ஓக்லியா? இருபது நிமிஷம்தானே!" என்றாள் ஜோலீன்.

"ஆமாம்மா, வீடு மாத்த வேண்டாம், மேஸி ஸ்கூல் மாத்த வேண்டாம். ஆனா இவருக்குக் காலேஜ் ஆட்டம்தான் உசிரு. புதுசா வர்றவர் இவரை வெச்சுக்குவார்னா ஓக்லி வேணாம். வெச்சுக்க மாட்டார்னா இப்பவே ஒத்துக்கணும். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமேப்பா. வெச்சுக்குவாங்களா?"

ட்ரெவர் நிமிர்ந்து பார்த்தான். "தப்பா இருந்தாலும் பரவால்ல மாமா. தெரிஞ்சதைச் சொல்லுங்க."

வாசகரே, வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் டெல்மரின் சேதியை நிஜமாகவே நம்பி ஒரு காரியம் செய்யப்போகிறார். 'தெரியலம்மா' என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அந்த வார்த்தை அவர் வாயில் புழங்கியதே இல்லை. தவிர, அவருக்கு அவர்கள்மீது உயிர். மருமகன் அந்த பெஞ்சிலேயே இருக்கவேண்டும், பேத்தி மூன்று தெரு தள்ளியே இருக்கவேண்டும் என்று மனசு துடித்தது. அந்தத் துடிப்பையே சேதி என்று எடுத்துக்கொண்டார். பொய் சொல்கிறோம் என்பது இவர்களுக்கே தெரியாது; இந்த இனத்தின் தனிச்சிறப்பு அதுதான்.

கைபேசியை எடுத்துப் புள்ளியைக் காட்டினார். "பாரு. வென்டலோட விமானம் கான்சாஸ்ல இறங்கியிருக்கு. அங்க காலேஜ் கோச் யாரு? டாகெட்! டாகெட்தான் வர்றாரு, முடிஞ்ச கதை. டாகெட்டும் நம்ம மாப்ளயோட பழைய கோச்சும் ஒரே டீம்ல ஆடினவங்க. மாப்ளய விட்டுடுவாரா? வெச்சுக்குவாரு. உள்ளேர்ந்து வந்த சேதி."

"நிச்சயமாத்தானேங்க?" என்றாள் ஜோலீன்.

"ஜோலீன், நான் என்னிக்காவது தப்பா சொல்லியிருக்கேனா?"

"அதனாலதான் கேக்கறேன்."

கெண்ட்ரா எழுந்து வந்து அப்பாவின் தலையில் முத்தம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை ட்ரெவர் ஓக்லிக்குப் போன் போட்டு, மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை வென்டலின் விமானம் திரும்புகிறது என்று புள்ளி சொன்னது. டெல்மர் சொல்லவேண்டிய எல்லோரிடமும் 'யாரிடமும் சொல்லாதே' என்று சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் சின்ன விமானத் திடலில் முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். கல்லூரி பாண்டு வாத்தியம் வந்தது. கழுதைத் தலையை மாட்டிக்கொண்டு ஆடுகிற மாணவனும் வந்தான். டெல்மர் முன்வரிசையில், 'வருக டாகெட்' என்று பெரிதாக எழுதிய அட்டையோடு. விமானம் நின்றது, கதவு திறந்தது, பாண்டு முழங்கியது. இறங்கி வந்தவர் வென்டல். அவர் பின்னால் அவர் மனைவி, கையில் கல்யாண கேக் மிச்சம் வைத்த டப்பாவோடு. கான்சாஸில் மச்சினி மகள் கல்யாணமாம். முந்நூறு பேரையும் பார்த்த வென்டலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் தன்மீது இவ்வளவு அன்பு வைத்திருப்பது தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அங்கேயே நின்று கால்மணி நேரம் பேசினார். கழுதை அவரைக் கட்டிப்பிடித்தது. வேறு என்ன செய்யும்?

அன்று சாயங்காலமே கான்சாஸில் டாகெட்டுக்குச் சம்பளத்தை உயர்த்தி, அங்கேயே கட்டிப்போட்டுவிட்டார்கள். ஹேல்ஸ்பர்க்காரர்கள் கொத்திக்கொண்டு போகப்போகிறார்கள் என்று அங்கே வதந்தி கிளம்பி, கல்லூரி பயந்துபோனதாம். வதந்தி எங்கே பிறந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"கடைசி நிமிஷத்துல மாத்திட்டாங்க" என்றார் டெல்மர், மார்லா கடையில். ராய்ஸ் தலையாட்டினார். மார்லா காபி ஊற்றினாள்.

திங்கட்கிழமை கல்லூரி அரங்கில் புதுப் பயிற்சியாளரை மேடையேற்றினார்கள். நோலன் ப்ரீஸ், அயோவாக்காரர். ஊரில் ஒருவர் வாயிலும் வராத பெயர். குட்டையான ஆள் வேறு. அவரைப் பார்த்ததும் டெல்மருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை ஆணி குத்திய டயரோடு கடைக்கு வந்த அதே ஆள்! பஞ்சர் ஒட்டிக்கொண்டே அவரிடம், யாரிடமும் சொல்லவேண்டாம் என்ற நிபந்தனையோடு, டாகெட் வரப்போவதைச் சொல்லியிருந்தார். அந்த ஆள் "அப்படியா, நல்ல செலக்‌ஷன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மேடையில் ப்ரீஸ் சிரித்தார். "நேர்காணலுக்குக் கார்ல வந்தேன். இந்த வேலை எனக்குக் கிடைக்காதுன்னு இந்த ஊர் டயர் கடைக்காரர் ரகசியமா சொன்னாரு. பஞ்சர் மட்டும் நல்லாத்தான் ஒட்டினாரு." அரங்கம் குலுங்கியது. அடுத்த கேள்வி, உதவிப் பயிற்சியாளர்கள் யார்? "என்கூட இருக்கற மூணு பேரும் என்கூடவே வர்றாங்க" என்றார் ப்ரீஸ். கடைசி வரிசையில் ட்ரெவர் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

ஓக்லி பள்ளி அதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிட்டது. ட்ரெவர் இருபது இடத்துக்குப் போன் போட்டான். கிடைத்தது மொண்டானாவில், பனிக்குள் புதைந்து கிடக்கும் ஒரு சின்னக் கல்லூரி. காரில் இரண்டரை நாள் பயணம்.

கெண்ட்ரா கடைக்கு வந்தாள். டெல்மர் ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கடைசி நிமிஷத்துல…" என்று ஆரம்பித்தார்.

"அப்பா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு ட்ரெவரை வெச்சுக்குவாங்கன்னு சொன்னீங்களே, அதை உங்களுக்கு யார் சொன்னது?"

"உள்ளேர்ந்து…"

"பேரு. ஒரு பேரு சொல்லுங்க, போதும்."

இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் பெயர் கேட்டதில்லை. ராய்ஸ் கேட்டதில்லை, மார்லா கேட்டதில்லை, முந்நூறு பேர் திடலுக்கு வந்தார்களே, ஒருத்தர் கேட்கவில்லை. டெல்மர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"யாரும் சொல்லலம்மா" என்றார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் கிளம்பும் நாளில் காருக்கும் பின்னால் இழுத்துப்போகும் வண்டிக்கும் பனியில் வழுக்காத டயர்களை அவரே மாட்டினார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து நட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். "தாத்தா, அங்க கரடி இருக்குமா?" என்று கேட்டாள். டெல்மர் கையிலிருந்த நட்டை முறுக்கினார். "அப்பாகிட்ட கேளு, கண்ணு" என்றார். கார் திருப்பத்தில் மறைந்த பிறகு, காற்று இறக்கிய பழைய டயர்மேல் உட்கார்ந்து அழுதார். பாவம், நல்ல மனுஷன்.

பாவம் என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள் அல்லவா? நல்லது. உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார், சம்பந்தி வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்றெல்லாம் இந்நேரம் பட்டியல் போட்டிருப்பீர்கள். போடுங்கள். ஆனால் ட்ரெவர் மொண்டானாவில் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, எப்படியும் இந்தப் பக்கமே வேலை தேடிக்கொண்டு வந்துவிடுவான், அப்பாவும் மகளும் சேர்ந்துவிடுவார்கள் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தோன்றுகிறதே. எனக்கே தெரியாத அந்தச் சேதியை, உங்களுக்கு யார் சொன்னது?