செக்கிங் அண்ணாச்சியின் ஸ்மார்ட் வாட்ச்

உலகத்தில் எந்தப் பொருளையும் நம்பாமலே எழுபது வயது வரை வாழ்ந்துவிட முடியும் என்பதற்குக் கோவில்பட்டியில் உயிருள்ள சாட்சி ஒருவர் உண்டு. செக்கிங் அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருடம் செக்கிங் வேலை பார்த்தவர். பெட்டியைக் காதோரம் குலுக்கியே உள்ளே எத்தனை குச்சி குறைகிறது என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றபின் குலுக்கத் தீப்பெட்டி கிடைக்காமல் கண்ணில் பட்டதையெல்லாம் குலுக்க ஆரம்பித்தார். தேங்காயைக் குலுக்கினால் நியாயம் உண்டு. அண்ணாச்சி தர்பூசணியையும் குலுக்குவார்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். ஒருநாள் வந்து நின்றார்.

“தம்பி, கீழ விழுந்தா ஆளுக்குப் போன் போடுத வாட்ச் இருக்காமே. எடு பாப்போம்.”

“என்ன அண்ணாச்சி, திடீர்னு?”

“எங்க தெருவுல ஒருத்தரு பாத்ரூம்ல விழுந்து கெடந்திருக்காரு. மறுநா பால்காரர் வந்துதான் தெரியும். நானும் ஒத்தையிலதான கெடக்குதேன்.”

அண்ணாச்சியின் மனைவி இறந்து நான்கு வருடம். பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அவரைத் தவிரப் பேசுவது டிவி மட்டும்தான். ஆகவே விஷயம் விளையாட்டில்லை. ஆனால் அவர் வாட்ச் தேர்ந்தெடுத்த விதம் இருக்கிறதே!

முதல் வாட்சைக் கையில் கட்டவே இல்லை. காதோரம் வைத்துக் குலுக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். “நின்ன எடத்துலயே நாப்பது அடி எடுத்து வச்சிருக்கேங்குது. பொய் சொல்லுது. அடுத்ததை எடு.”

இரண்டாவதைச் சோதிக்க மறுநாள் சந்தையிலிருந்து ஒரு சுரைக்காயோடு வந்தார். அதன் கழுத்தில் வாட்சைக் கட்டினார். பச்சை விளக்கு மினுங்கியது. நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. “ஏலே, என்னைவிட இந்தச் சொரைக்காய்க்கு நல்லா ஓடுது!” என்று கடை முழுவதும் தூக்கிக் காட்டினார். வாட்ச் வாங்க வந்திருந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள்.

மூன்றாவது என் சொந்த வாட்ச். இரண்டு நாள் இரவல் வாங்கிப் போனார். ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்வந்ததற்கு அது மூவாயிரம் அடி எடுத்து வைத்ததாகச் சொன்னது. ரோட்டின் மேல் பழியைப் போட்டு அதைக்கூட மன்னித்துவிட்டார். தூக்கத்தில்தான் மாட்டிக்கொண்டது. “ராவு பூரா மோட்டுவளையைப் பாத்துட்டுக் கெடந்தேன் தம்பி. இது ஏழு மணி நேரம் நல்ல தூக்கம்ங்குது.” அவர் சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படியே ஒன்றரை மாதம். அவர் தலை தெரிந்தாலே முதலாளி சாப்பிடக் கிளம்பிவிடுவார். கடைசியில் ஒரு வாட்சுக்கு அரைமனதாக இறங்கி வந்தார். அவர் போனோடு இணைத்தேன். விழுந்தால் யாரை அழைக்க வேண்டும் என்று ஓர் எண் கேட்டது.

“யார் நம்பரைப் போடட்டும் அண்ணாச்சி?”

போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனார். ஆட்டோ, கேஸ் ஏஜென்சி, பால்காரர். மறுபடி மேலே வந்தார்.

“கேஸ்காரனுக்குப் போட்டா வருவானா தம்பி?”

வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நான் என் எண்ணைப் போட்டேன்.

அண்ணாச்சி அந்த எண்ணை ஒருமுறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு வாட்ச் கட்டியிருந்த கையை விரித்து மேசையில் ஓங்கி ஓர் அடி. “பாஸ்!”

தீப்பெட்டி ஆபீசில் ஒரு பண்டல் தேறிவிட்டால் அப்படித்தான் அடிப்பாராம். அதிர்ந்துபோன வாட்ச், ஆள் விழுந்துவிட்டார் என்று முடிவுகட்டியது. நலமா என்று திரையில் கேட்டது. கண்ணாடி போடாத அண்ணாச்சி அதைக் கவனிக்கவில்லை. ஒரு நிமிடத்தில் என் சட்டைப்பையில் போன் அலறியது. எதிரில் குத்துக்கல்லாக நிற்கும் மனிதர் விழுந்துவிட்டதாகச் செய்தி.

அன்று ஆரம்பித்தது என் ஓட்டம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து பைக்கில் பறந்து போனால், கதவைத் திறந்து, “இன்னிக்கு ரசம் நல்லா வந்துச்சு தம்பி. பாஸ் போட்டேன்” என்பார். சலூனில் முடிவெட்டு திருப்தியாக அமைந்ததற்கும் ஓடியிருக்கிறேன்.

“கையைக் கொஞ்சம் அடக்குங்க அண்ணாச்சி!”

“நெசமா விழுந்தா வருவியான்னு செக்கிங் பண்ணாண்டாமா?”

வேலை மாறி நான் சென்னைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. கிளம்பும்போது பால்காரரின் எண்ணையும் வாட்சில் சேர்த்தேன். என் எண்ணை எடுக்க மட்டும் அவர் விடவில்லை. இங்கே அறையில் நான் தனி. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைத் தேடி யாரும் வருவதில்லை. அந்த நேரத்தில்தான் அண்ணாச்சி விழுந்துவிட்டதாகப் போன் அலறும். எத்தனை முறை ஏமாந்தாலும் பதறிக் கூப்பிடுவேன்.

“எதுக்கு அண்ணாச்சி பாஸ் போட்டீங்க?”

“ஒண்ணுமில்ல தம்பி. சும்மாத்தான் தட்டுனேன். சாப்ட்டியா?”

நேராகவே கூப்பிட்டுப் பேசலாம். அதற்கு அவருக்குக் கூச்சம். மேசையைத் தட்டுவதற்கெல்லாம் அலறாமல், நிஜமாக விழுந்தால் மட்டும் அழைக்கும்படி அந்த வாட்சை மாற்றிவைக்க முடியும். இரண்டு நிமிட வேலை. ஊரில் இருந்தபோதே எனக்கு அது தெரியும். இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை.