ஃபானிக்குத் தெளித்த வாசனைத் தண்ணீர்

அன்புள்ள பார்னா அண்ணாவுக்கு,

உன் தங்கை எனிக்கோ எழுதுகிறேன். இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. குழந்தை வில்மா இப்போதுதான் கண்ணை மூடினாள், மலையில் உன் போனும் கிடைக்கவில்லை. இங்கு அனைவரும் நலம். நீ விட்டுப்போன வேட்டைநாய் ஃபானியும் நலம்தான். கொஞ்சம் மணக்கிறாள், அவ்வளவுதான்.

அவளுக்குக் குட்டை முடி, வேலையே இருக்காது என்றாயே! நீள முடியாவது மெத்தையில் சும்மா கிடக்கும். இது ஊசி மாதிரி குத்திக்கொண்டு நிற்கிறது. வில்மாவின் காலுறையில் துரு நிற முடி, கசகசா ரொட்டியில்கூட முடி. ஆனாலும் தினமும் ரப்பர் கையுறையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, செம்புப் பாத்திரம் மாதிரி பளபளவென்றுதான் வைத்திருந்தேன், இன்று காலை வரை.

ஈஸ்டர் திங்கள் அல்லவா, பெண்கள் பூப்போல வாடாமலிருக்கத் தெளிக்கும் நம் வழக்கப்படி ஆண்களெல்லாம் வாசனைத் தண்ணீர்ப் புட்டியோடு வந்துவிட்டார்கள். என் தலையில் தெளித்தார்கள், வில்மாவுக்கும் ஒரு சொட்டு. என் மாமனார் மூன்றாவது கோப்பைப் பழச்சாராயத்தை முடித்துவிட்டு ஃபானியைப் பார்த்தார். "இவளும் பொண்ணுதானேம்மா? தெளிக்காம விட்டா வாடிப் போயிடுவா!" என்று முதுகில் புட்டியையே கவிழ்த்துவிட்டார். பின்னால் வந்தவர்களும் அவளை விடவில்லை. "வேணாம் மாமா, சனிக்கிழமை அவளுக்கு மோப்பத் தேர்வு!" என்று கத்தினேன். "மணக்க மணக்கப் போனா ரெண்டு மார்க் கூடப் போடுவாங்க" என்கிறார்.

குளிப்பாட்டாதே, மென்மையான தோல் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. ஆனாலும் பயத்தில் வில்மாவின் ஷாம்பூவைப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டேன். மேல்முடிக்கு அடியில் குளிர் தாங்கும் மென்முடியே இல்லாத உடம்பு, வெடவெடவென்று நடுங்கியது. என் கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டேன். கணவர் கெர்கோ வந்து முகர்ந்துபார்த்தார். "முன்னாடி சலூன் மாதிரி இருந்தா. இப்போ சலூன்ல பிள்ளை பெத்த மாதிரி இருக்கா."

கம்பளத்துக்கு அடியில் ஒரு துண்டு சாசேஜை ஒளித்துப் பார்த்தேன். அதன் மேலேயே படுத்துக்கொண்டு தும்முகிறாள்! மூக்கு போயே போய்விட்டது, அண்ணா. தேறாவிட்டால் வேட்டைக்கு அழைத்துப்போக விடமாட்டார்களே, இரண்டு வருடம் பழக்கினாயே. தேர்வைத் தள்ளிப்போடச் சொல்லி நடுவர்களுக்கு எழுதிவிடு. பழியை என் மேல் போடு.

அண்ணிக்கு என் அன்பு. மலைச்சரிவில் உன் கால் வழுக்காமல் கடவுள் காக்கட்டும்.

உன் தங்கை,
எனிக்கோ

பி.கு.: நடுவர்களுக்கு எழுதவே வேண்டாம். கொல்லைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. ஃபானி மூன்று தோட்டம் தாண்டி நேரே ஓடி, புதருக்குள் எப்போதோ செத்துக் கிடந்த முயலைக் கண்டுபிடித்துவிட்டாள். கெர்கோ டார்ச்சோடு பின்னால் ஓடிப் பிடித்து வந்தார். மூக்குக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் கண்டுபிடித்ததோடு நிற்காமல், அதன் மேல் நன்றாகப் புரண்டிருக்கிறாள், என் கம்பளிச் சட்டையோடு. வாசனைத் தண்ணீர் வாடை சுத்தமாகப் போய்விட்டது. இப்போது சமையலறையில் நின்று வாலாட்டுகிறாள். மறுபடி குளிப்பாட்டலாமா, கூடாதா? சீக்கிரம் பதில் எழுது.