இரும்புக் கிராணியின் கெண்டைக்கால்

ஜப்பான்காரன் பினாங்கை ஆண்ட காலத்தில் ஊரில் இருந்த தமிழ் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் நோயாளி மாதிரித் தெரியப் படாத பாடு பட்டார்கள். பலசாலியாகத் தெரியப் பாடுபட்டவர் ஒரே ஒருவர்தான். அந்த மகானுபாவர் என் அறையிலேயே குடியிருந்தது என் தலையெழுத்து.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பசாருக்குப் போனவன் திரும்பவில்லை, கோயிலுக்குப் போனவன் திரும்பவில்லை என்று நாளுக்கு ஒரு சேதி வரும். கை கால் திடமாக இருந்தால் லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதனால் நாங்கள் தெருவில் இறங்கினாலே இருமுவோம். இருமத் தெரியாதவன் நொண்டுவான்.

இரும்புக் கிராணி என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த அவர் மட்டும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைக்காரன் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். சண்டை வந்ததும் வெள்ளைக்காரன் ஓடிப்போனான், வேலையும் போனது. அதற்கெல்லாம் அவர் கலங்கவில்லை. தூக்கித் தூக்கிப் பயிற்சி செய்யக் கப்பலில் வரவழைத்த இரண்டு இரும்புத் தம்பெல்ஸ் அவரிடம் இருந்தன. அவற்றைத் துண்டு விரித்துப் படுக்க வைப்பார். வீட்டிலுள்ள இரும்பையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்து, ஜன்னல் கம்பியோடு அவையும் போனபோதுதான் மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாளே மாற்றுத் தேடக் கிளம்பிவிட்டார். முதலில் பால் டின்களில் மண்ணை அடைத்துத் தூக்கினார். “டின்னுக்குள்ள மண் ஓடுது தம்பி. பாரமெண்டால் ஒரு இடத்தில நிக்க வேணும்” என்று அதைத் தள்ளிவிட்டார். அடுத்து மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர். நாங்கள் இருந்தது மாடி, பலகைத் தரை. சிந்திய தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கீழே காப்பிக்கடை முதலாளியான சீனத் தவுக்கேயின் தலையில் இறங்கியது. அவர் விளக்குமாற்றுக் காம்பால் எங்கள் தரையைக் கீழேயிருந்து இடி இடியென்று இடித்தார். பிறகு கரிப்பெட்டி, செங்கல், தேங்காய் மூட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கித் தூக்கி எடை பார்த்தார். பெண் பார்க்கப் போனவர்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்.

“பாரம் தெரிவு செய்யிறது சின்ன விசயமில்லைத் தம்பி. கைக்குள்ள அடங்க வேணும். ரெண்டும் ஒரே நிறையாய் இருக்க வேணும். கடைசித் தரம் தூக்கேக்கை கை கொஞ்சம் நடுங்க வேணும். நடுங்காட்டி அது விளையாட்டுச் சாமான்.”

“எனக்கு எதையும் தூக்காமலே நடுங்குது அண்ணே” என்றேன். அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் அவருக்கு வாய்த்தவை இரண்டு ஆட்டுக்கல் குழவிகள். ஒன்று எங்களுக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த பாக்கியம் அக்காவுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியது.

“அண்ணே, அது மாவாட்டுற குழவி லா!” என்று அக்கா கத்தினார்.

“மா எங்கை தங்கச்சி? அரிசி வந்தவுடனை திருப்பித் தாறன்.”

அரிசி எங்கே வந்தது? மூன்று வேளையும் மரவள்ளிதான். மரவள்ளியைத் தின்றுவிட்டு, கைக்கு ஒரு குழவியாகப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார். தரை முனகும். கொஞ்ச நாளில் ஒரு காலையில் என்னைத் தட்டி எழுப்பினார். “தம்பி, கெண்டைக்காலை வடிவாப் பாரும். ஏறிப்போச்செல்லோ!” உண்மைதான். எனக்கெல்லாம் விலா எலும்பை எண்ணலாம் என்றிருந்த நேரத்தில் அவருக்குக் கால் இரண்டும் திரண்டு நின்றன. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அக்காவுக்கோ அந்தக் கால்களைப் பார்க்கவே பயம். அவருடைய கணவர் லாரி டிரைவர். சயாமுக்குக் கொண்டுபோனவர்கள் ஒரு வார்த்தை சேதி அனுப்பவில்லை. “முழுக்கால் சட்டை போடுங்க அண்ணே. அந்தக் கால வெளிய காட்டாதீங்க. எங்க வீட்டுக்காரரையும் இப்படி உடம்பப் பாத்துத்தான் ஏத்துனானுங்க” என்று கெஞ்சினார். புருஷனுடைய கால்சட்டையைக்கூடப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார்.

“இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை மூடி வைக்கிறதோ?” என்றார் கிராணி.

அந்த வாரமே, பங்கீட்டு அரிசி தருகிறார்கள் என்ற பேச்சை நம்பி நாங்கள் மூவரும் வரிசையில் நின்றபோது லாரி வந்தது. தெருவின் இரண்டு முனையிலும் சிப்பாய்கள். ஆண்களைத் தனியே பிரித்து நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் ஒருவன் நொண்டிக் காட்டினான். அதிகாரி பிரம்பால் ஒன்று வைத்தான். நொண்டி துள்ளிக் குதித்து நேராக ஓட, அவனைப் பிடித்து லாரியில் போட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு இருமல் மறந்துபோனது.

அதிகாரி என் கையைப் பிடித்துப் பார்த்து, முற்றிய வெண்டைக்காயைப் போடுவதுபோல விட்டுவிட்டான். அடுத்து நின்றவர் கிராணி. அதிகாரி அவருடைய கால்களைப் பார்த்தான், நின்றான், சிரித்தான். நம்மாள் என்ன செய்திருக்க வேண்டும்? கூனிக் குறுகியிருக்க வேண்டும். பாராட்டிப் பார்க்க ஒருவன் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் காலை இன்னும் முறுக்கிக் காட்டினார்! பாவி மனுஷா என்று பல்லைக் கடித்தேன்.

“லாரில ஏறு” என்றார் அவர்களோடு வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

பெண்கள் வரிசையிலிருந்து பாக்கியம் அக்கா அலறினார். “ஐயா, அது சதை இல்லைங்க! வீக்கம்! பெரிபெரி! நீர் இறங்கி வீங்கிக் கெடக்கு!”

ஒரு சிப்பாய் துப்பாக்கியை அக்கா பக்கம் திருப்பினான். அதிகாரி ஏதோ சொல்ல, மொழிபெயர்ப்பாளர் கிராணியிடம் கேட்டார். “அந்தம்மா சொல்றது நெசமா? பொய்யா இருந்தா அவங்களும் லாரில ஏறணும்.”

கிராணியின் முகம் சிவந்தது. ஊர் பார்க்க, அவர் வளர்த்த காலை வீக்கம் என்று சொல்லிவிட்டார்கள். வாயைத் திறந்தார். கர்வம் பிடித்த மனிதர், எதையாவது உளறி அக்காவையும் சேர்த்து அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அவர் அக்காவை ஒருமுறை பார்த்தார்.

“ஓம். வீக்கந்தான்” என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அதிகாரி நம்பவில்லை. குனிந்து, அவர் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். சத்தில்லாத சாப்பாட்டால் வரும் பெரிபெரி வீக்கம் என்றால் பள்ளம் விழும், சதை என்றால் உடனே எழும்பிவிடும். இது அந்தக் காலத்தில் குழந்தைக்கும் தெரியும். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். அதிகாரி விரலை எடுத்தான்.

பள்ளம் அப்படியே நின்றது.

விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அவரை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு அடுத்த ஆளிடம் போனான். பிழைத்தோம் என்று திரும்பினால், கிராணி குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கத்தியிருந்தார். அது உண்மையாக இருக்கும் என்று அக்காவே நினைக்கவில்லை.

வீடு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். “நான் தசையெண்டெல்லோ நினைச்சன் தம்பி” என்றார்.

பெரிபெரிக்குத் தவிடுதான் மருந்து என்று அக்கா எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்து கஞ்சி காய்ச்சினார்.

“உது மாட்டுக்குப் போடுறது தங்கச்சி.”

“மாடு என்ன பலமில்லாமலா இருக்கு? குடிங்க!”

அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத்தான் குடித்தார். தினமும் குடித்தார். வீக்கம் மெல்ல மெல்ல வற்றியது. இப்போது காலை வெளியே காட்டவே கூச்சப்பட்டு, அக்கா கொடுத்த முழுக்கால் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். ஒருநாள் நாங்கள் இருவரும் வற்புறுத்தியதில் அரைக்கால் சட்டையோடு தயங்கித் தயங்கிப் படியிறங்கி வந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு விறகுக் குச்சிகள். அக்கா குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ பயில்வான்களைப் பார்த்துவிட்டேன். அந்தக் குச்சிக் கால்களைப்போல அழகான கால்களை இன்னும் எங்கேயும் பார்க்கவில்லை.