மெத்தைக் கம்பெனிக்குப் போட்ட பதில்

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்ல, போன் எழுதிக்கொள்வது. இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். உன் கோபம் நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

நீ ரயிலை விட்டு இறங்கி வந்து, பூட்டின வீட்டு வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாயே, அதற்கு நான் காரணமில்லை. மெயில்தான் காரணம். "வரேன்னு மெயில் போட்டேனே, அதக் கேக்கக்கூட நேரமில்லையாப்பா? இனிமே எழுதவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்கு எழுத்து தெரியாது, போன் வாசித்தால்தான் உண்டு. அதுவோ மெத்தைக் கம்பெனி, கப்பல் பயணம், வழுக்கைக்கு எண்ணெய் என்று விடியற்காலையில் தொடங்கினால் சாப்பாட்டு வேளைவரை ஓயாது. கடிதம் போட்டவருக்குப் பதில் போடுவதுதானே மரியாதை? "நான் கோரைப்பாயில் படுக்கிறவன், மன்னிக்கவும்" என்று மெத்தைக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே தலையணைக்கும் சேர்த்து எழுதினார். பக்கத்துக் கடைத் தையல்காரர் போன மாதம் போனில் ஒரு காவல் போட்டுக்கொடுத்தார், பழக்கமில்லாதவர் கடிதமெல்லாம் குப்பைக்குப் போய்விடுமாம். ஒன்றும் குறையவில்லை. பிறகு கடைகளில் மெயில் விலாசம் கேட்டால் தையல்காரர் விலாசத்தைக் கொடுத்துப் பார்த்தேன். "ஐயா, உங்க புண்ணியத்துல எனக்கு வழுக்கை எண்ணெய் வருது. என் தலையப் பாத்தா அப்படியா இருக்கு?" என்றார். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் 'இனி வேண்டாம்' என்று இருக்குமாம், அதை அழுத்தினோம். ஏன் பிரிகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மனம் நோகாமல் காரணம் சொன்னேன்.

கடைசி யோசனை இதுதான். இந்த விலாசத்தை மூடிவிட்டு, உனக்கு மட்டும் தெரிய ஒன்று புதிதாகத் திறக்கிறேன். நீ எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் வீட்டில் விளக்கும் பேச்சும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: மூடுவதற்கு முன் தையல்காரர் பார்த்தார். காவல் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறதாம். நான் ஒரு தடவையாவது பதில் போட்டவரை மட்டும் உள்ளே விடுமாம். மெத்தைக்காரர் முதல் எல்லாரும் உள்ளே. உன் கடிதம் குப்பையில்.

"பொண்ணுக்கு ஒரு பதில்கூடப் போட்டதில்லையா?" என்றார்.

"சொந்தப் பொண்ணுக்கு என்னய்யா பதில், காதுல வாங்கிக்கிட்டா ஆச்சு" என்றேன். அவர் போய் ஊசியில் நூல் கோத்தார்.

மேலே மெயிலைத் திட்டியதை விட்டுவிட்டுப் படி. விலாசத்தை மூடவில்லை. இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் உன்னையும் உள்ளே விடுமாம். எழுதம்மா, பதில் போடுகிறேன். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பெற்ற பிள்ளைக்கு எழுதிப் பழக்கமில்லை.