சேற்றில் நின்ற சூலம்

பதினோரு நாள் நான் ஒரு திருட்டுப் பொருளுக்குச் சூடம் காட்டியிருக்கிறேன். திருடியவனும் நானேதான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மறைத்தால் அது இன்னொரு பாவம்.

மலேசியாவில், கெலாங் பாத்தாவில் எங்கள் வீடு. அப்போது என் மனைவி சரோஜாவுக்கு வயிற்றில் கட்டி. ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பயத்தில் அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அதே பயத்தில் நான் பேசுவதை நிறுத்தவே இல்லை. "அம்மா பாத்துக்குவா" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். (கட்டியைவிட நீங்கதான் தொந்தரவு என்று பிறகு சொன்னாள்.)

ஒரு வெள்ளிக்கிழமை, வாடிய பூசைப் பூக்களை ஆற்றில் விடப் போனேன். தண்ணீர் வற்றிய சேற்றில், மூன்று முனையோடு ஒரு சூலம் தனியாக நின்றது. கம்பில் சிவப்புக் கயிறு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கேட்டதும் அம்மன் கொடுத்துவிட்டாளே என்று அழுதபடி அதைப் பிடுங்கி, (பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்) தோளில் சுமந்து வீடுவரை நடந்தேன்.

வாசலில் மணல் நிரப்பிய பூந்தொட்டியில் நட்டு, மஞ்சள் துணி கட்டி, முனைக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் குத்தினேன். மூன்றாம் நாள் பழத்தை மாற்றப் போனால், இழுத்தும் வரவில்லை. ஒவ்வொரு முனையிலும் பின்பக்கம் பார்த்து ஒரு முள் இருந்தது.

"பாத்தியா சரோ, அம்மா புடிச்சா விடமாட்டா!"

"சூலத்துல எதுக்குங்க முள்ளு?"

பாவம், நோயாளி, விவரம் போதாது என்று விட்டுவிட்டேன். கத்தியால் பழத்தை அறுத்தெடுத்துப் புதியதைக் குத்தினேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதன் முன்னால் அருள்கூட வந்தது. "ஒண்ணும் ஆகாது" என்று வாக்குச் சொன்னார். அன்றுதான் சரோஜா ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

ஆப்பரேஷனுக்கு முதல் நாள், ஒரு மலாய்ப் பெரியவர் எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். வெகுநேரம் பார்த்துவிட்டு மலாயில் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அது என்னோட செரம்பாங்."

செரம்பாங் என்றால் மீன் குத்துகிற எறியீட்டி. (ஹார்பூன் என்று என் மகள் போனில் படம் காட்டினாள்.) கயிறு கட்டி எறிவார்கள். குத்திய மீன் கழன்று போகாமல் இருக்கத்தான் முள். படகைத் தள்ளுவதற்காகச் சேற்றில் நட்டுவிட்டுப் போனாராம்.

"இல்ல பாக் சிக், இது சாமி" என்று நான் வாதாடினேன். (வயதானவரை மலாயில் மாமா என்பதுபோல அப்படித்தான் கூப்பிடுவோம்.)

அவர் பழத்தைப் பார்த்தார். கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற சரோஜாவைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"சரிலா. அவங்க நல்லபடியா வீட்டுக்கு வரட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும். நான் தூண்டில் வெச்சுச் சமாளிச்சுக்கறேன்."

எனக்கு நிம்மதி. (அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் தலை குனிகிறது.) சரோஜாதான் அவரை நிறுத்தினாள்.

"என்னங்க, ஒரு மனுஷன் பொழப்பப் புடுங்கி வாசல்ல நட்டுட்டு, நான் எப்படிங்க கண்ண மூடிப் படுப்பேன்? குடுத்துடுங்க. அம்மா என்ன, இதுக்குள்ளயா இருக்கா?"

அவசரமாகப் பழத்தை இழுத்தேன். பழம் வந்தது. கை வழுக்கி, அடுத்த முனை உள்ளங்கையில் ஏறியது. ஏறியது இறங்கவில்லை.

பாக் சிக்கின் மோட்டாரில், கையில் தைத்த செரம்பாங்கோடு, மஞ்சள் துணி பறக்க, கிளினிக்வரை ஊர்வலம் போனேன். வழியில் இரண்டு பேர் கும்பிட்டார்கள். டாக்டர் அறுத்தெடுத்ததும், அதைக் கழுவி அவரிடமே கொடுத்தேன். "பொறுத்துக்குங்க" என்றேன். அவர் என் நல்ல கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், என் கைக்கட்டைப் பார்த்த தாதி சக்கர நாற்காலியை என் பக்கம் தள்ளினார். சரோஜா சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். கட்டி நல்ல கட்டிதான், புற்று இல்லை என்றார்கள். கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "குடுத்துட்டீங்கல்ல?"

இன்றுவரை சாமி அறைக்கு ஒரு தேங்காய் வாங்கி வந்தால்கூட, மகள் என்னை வாசலில் மறிப்பாள்: "அப்பா, இது யாரோடதுன்னு கேட்டீங்களா?"

நான் ரசீதைக் காட்டிவிட்டு உள்ளே போவேன்.