நீ ஏன் டையை நீட்டினே, மச்சான்?

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீ நலமா என்று அறியும் ஆவல் இந்த மாதம் எனக்கு இல்லை. ஆகவே அதுபற்றிப் பதில் எழுத வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை அந்தத் தொலைக்காட்சி நிலையத்தார் பழைய நகைச்சுவையை நினைவுகூருகிறோம் என்று நம் இருவரையும் அரங்கு நிறைய ரசிகர்கள் முன்னால் பேட்டிக்கு அழைத்தார்களே, அதுபற்றித்தான் எழுதுகிறேன். பதினோரு வருஷம் நாம் நடத்திய கிண்டல் பேட்டியில் ஒரு ஒளிப்பதிவு நாடாகூட அவர்களிடம் இல்லை. எல்லாவற்றின் மேலும் வானிலை அறிக்கையைப் பதிவு செய்து அழித்துவிட்டு, இப்போது "அந்தக் காலம் மாதிரி வருமா சார்" என்று உருகுகிறார்கள். நல்ல கூத்து! வாரம் ஒரு வல்லுநராக நான் வருவேன்: குடை தொலைப்பதில் ஆராய்ச்சி செய்தவன், வரிசையில் நிற்பதில் முப்பது வருஷ அனுபவசாலி, கொட்டாவியில் முனைவர் பட்டம் வாங்கியவன். நீ பேட்டியாளன். மூணாவது கேள்விக்கு நான் குலுங்கிக் குலுங்கி அழணும், நீ முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு உன் கழுத்து டையை நீட்டணும், நான் அதுல மூக்கைச் சிந்தணும். அதுக்கு ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுது. தெருவுல நடந்தா முன்பின் தெரியாதவன்கூட சட்டை நுனியை நீட்டுவான்.

அத்தனையையும் எழுதினது யாரு? உன் அக்கா. சமையல்கட்டுல நின்னுக்கிட்டே, பழைய காலண்டர் தாளுக்குப் பின்னாடி. "ஒரு பொம்பளை எழுதினதுன்னு தெரிஞ்சா எவனும் சிரிக்க மாட்டான்"னு தயாரிப்பாளர் சொன்னப்போ நீயும் நானும் பெரிய மனுஷங்க மாதிரி மண்டையை ஆட்டினோம். பதினோரு வருஷத்துல ஒரு வாரம்கூட அவ பேரு திரையில வரலை. அவளும் கேக்கலை, போன வருஷம் கண்ணையும் மூடிட்டா. வெள்ளிக்கிழமை அந்தப் பேட்டி எடுக்கிற பொண்ணு, "இதையெல்லாம் எழுதினது யாரு சார்?"னு கேட்டுச்சு பாரு, நான் அந்தப் பேட்டிக்கு வந்ததே அந்த ஒரு கேள்விக்காகத்தான்டா. "என் சம்சாரம். இப்போ அவ இல்லை"ன்னு சொன்னேன். சொன்னதும் கண்ணுல தண்ணி கொட்டுது. நெசமான தண்ணி. அது மூணாவது கேள்வியா வந்து தொலைச்சது என் தலையெழுத்து. பக்கத்துல உக்காந்திருந்த நீ என்ன செஞ்சே? டையை நீட்டினே!

அரங்கமே அதிர்ந்துது. ஒருத்தன் நாற்காலியில இருந்து கீழேயே விழுந்துட்டான். அந்தச் சிரிப்புக்கு நடுவுல நான் உன் அக்கா பேரைச் சொன்னேன். ஒருத்தர் காதுலயும் விழலை. அந்தப் பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டே "அப்படியே இருக்கீங்க சார், கொஞ்சம்கூட மாறலை!"ங்குது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டியே, படுபாவி! பழக்கதோஷம்னு சொல்லாதே. கூடப் பொறந்தவளோட சாவுல போய் ஒருத்தன் கைதட்டல் வாங்குவானா?

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, உன்னைப்போல் ஆகாமல் நூறாண்டு வாழ ஆசீர்வாதம். உனக்கென்று எழுத எதுவும் மிச்சமில்லை.

இப்படிக்கு,
இனி உனக்கு அத்தானாக இருக்க விரும்பாத
அத்தான்.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. பார்த்தேன். டையை நீட்டும்போது உனக்கும் வாய் கோணிக்கிட்டு அழுகை வருது மச்சான், கையில வேற எதுவும் இல்லாமத்தான் அதை நீட்டியிருக்கே. சிரிப்புக்கு நடுவுல நான் எந்தப் பேரையும் சொல்லலை, என் உதடு அசையவே இல்லை. சிரிப்பு அடங்கினப்புறம் முழுசா நாலு விநாடி, ஊசி விழுந்தா கேக்கும், எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் உன் டையை எடுத்து மூக்கைச் சிந்தினேன். அதுக்கு இன்னும் பெரிசாச் சிரிச்சாங்க.